திரையில் ஒரு பச்சை, கடதாசியில் வேறு பச்சை: நிறக் குறியீடுகளின் 300 வருடக் கதை

கொஞ்சம் நீளமான பதிவுதான். கடை வைத்திருப்பவர்களும், வீட்டிலிருந்தே லோகோ செய்து கொடுக்கும் நம் பிள்ளைகளும் கட்டாயம் முழுதாக வாசியுங்கள்.

"ஃபோனில் பார்த்த நிறம் இது இல்லையே!" அச்சகங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதன் வேர் 18ஆம் நூற்றாண்டில் இருக்கிறது.

ஜெர்மனியின் பிராங்க்பேர்ட்டில் பிறந்தவர் ஜேக்கப் கிறிஸ்டோஃப் லெ புளொன். சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்று மைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அச்சடித்து முழு வண்ணப் படம் எடுக்கலாம் என்று செய்து காட்டினார். 1719இல் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அவருடைய வியாபாரம் நொடித்துப் போனது. ஆனால் அவர் எழுதி வைத்த ஒரு விடயம் இன்றும் நிற்கிறது. மைகளைக் கலந்தால் கறுப்பை நோக்கிப் போகும், ஒளிகளைக் கலந்தால் வெள்ளையை நோக்கிப் போகும். நம் தலையிடி முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் அடங்கியிருக்கிறது.

ஒளியின் பக்கத்தை 1861இல் லண்டனில் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் நிரூபித்தார். ஒரு வண்ண நாடாவை சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் ஊடாக மூன்று முறை படம் பிடிக்கச் செய்து, அந்த மூன்றையும் அதே நிற ஒளிகளில் ஒரே திரையில் விழுத்தினார். நாடா வண்ணத்தில் தெரிந்தது. இன்று உங்கள் ஃபோன் திரை செய்வதும் அதுவேதான். இதைத்தான் ஆர்ஜிபி என்கிறோம். ஒவ்வொரு ஒளிக்கும் 0 முதல் 255 வரை அளவு உண்டு. மொத்தம் 1,67,77,216 நிறங்கள். ஹெக்ஸ் குறியீடு என்பதும் இதே மூன்று அளவுகளை ஆறு எழுத்துக்களில் சுருக்கி எழுதுவதுதான். ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு மாதிரிக் காட்டாமல் இருக்க, 1996இல் எச்பியும் மைக்ரோசொஃப்டும் எஸ்ஆர்ஜிபி என்ற பொது அளவை முன்வைத்தன. 1999இல் அது சர்வதேசத் தரமானது.

கடதாசிக்குத் தனக்கென்று ஒளி இல்லை. மை சில ஒளிகளை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. சியான் சிவப்பையும், மெஜந்தா பச்சையையும், மஞ்சள் நீலத்தையும் விழுங்கும். கூடவே கறுப்பு. இதுதான் சிஎம்வைகே. திரையில் 0, 255, 0 என்று பளிச்சிடும் பச்சையை இந்த நான்கு மைகளால் எட்டவே முடியாது. எந்த மெஷினாக இருந்தாலும் அப்படித்தான்.

சென்ற வருடம் எங்கள் பக்கத்தில் ஒரு கழகத்தின் பெனரும் டீ ஷேர்ட்டும் இரண்டு பச்சையாக வந்தன. அச்சடித்த நானாவுக்குப் பாதிக் காசைக் கொடுக்காமல் விட்டார்கள். ஏமாற்றுக்காரர் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. அவரிடம் கொடுக்கப்பட்டதோ வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம் மட்டும். எந்தப் பச்சை என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாத நிறத்துக்கு ஒரு தொழிலாளியின் கூலியைப் பிடிப்பது நியாயமா?

நிறத்தை வாயால் சொல்ல முடியாது என்பதை விளங்கிக்கொண்டவர்தான் அமெரிக்காவின் லோரன்ஸ் ஹேர்பர்ட். 1963இல் அவருடைய பன்டோன் நிறுவனம் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் இலக்கமும், அடிப்படை மைகளைக் கலக்கும் அளவும் கொண்ட மாதிரிப் புத்தகத்தை வெளியிட்டது. இலக்கத்தைச் சொன்னால் எந்த நாட்டு அச்சகமும் அதே மையைக் கலக்கலாம். பின்னால் வரும் 'சி' பளபளப்புக் கடதாசிக்கு, 'யூ' சாதாரணக் கடதாசிக்கு. ஏனென்றால் ஒரே மை இரண்டிலும் வேறாகத் தெரியும்.

நாடுகளுக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. ஸ்கொட்லாந்துக் கொடியின் நீலம் வான நீலம் முதல் கடும் நீலம் வரை ஆளுக்கொரு விதமாக இருந்தது. 2003இல் அந்நாட்டுப் பாராளுமன்றக் குழு ஒன்று பன்டோன் 300ஐப் பரிந்துரைத்தது.

ஆகவே லோகோ செய்யும் பிள்ளைகளே, படத்தை மட்டும் அனுப்பி வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். ஹெக்ஸ், சிஎம்வைகே, பன்டோன் மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கடைக்காரர்களே, 1000 அடிக்கச் சொல்லும் முன் அதே கடதாசியில், அதே துணியில் ஒரு மாதிரி அடித்துப் பார்த்து, சரி என்று கையெழுத்து வையுங்கள். அதன் பிறகு பிழை யாருடையது என்று சண்டை பிடிக்க வேண்டி வராது.

பயன்படும் என்று நினைத்தால் உங்கள் ஊர் அச்சகத்தாருக்கும் பகிருங்கள்.