மலாக்காத் தோட்டப் பள்ளிகளில் எழுத்தறிவித்த முறைகள்

மலாக்கா மாநிலத்தில் இன்று 21 தமிழ்ப்பள்ளிகள் இயங்கி வருகின்றன. அவற்றுள் பலவற்றின் பெயரோடு ஏதேனும் ஒரு தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, இரப்பர் மரங்கள் இருந்த இடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டது, லயத்து மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தனர். பள்ளியின் பெயர் மட்டும் பழைய முகவரியைச் சுமந்து நிற்கிறது. இப்பள்ளிகளின் வரலாறு இதுகாறும் நிலம், கட்டடம், மாணவர் தொகை ஆகியவற்றின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. வகுப்பறைக்குள் ஒரு பிள்ளைக்கு அகரம் எவ்வாறு சொல்லிக் கொடுக்கப்பட்டது, அதனால் அப்பிள்ளை எந்த அளவுக்குப் படிக்கவும் எழுதவும் வல்லதாயிற்று என்பதை ஆராய்ந்தோர் மிகச் சிலரே.

தோட்டப் பள்ளிக்குத் தாய்ப்பள்ளி தமிழகத்துத் திண்ணைப் பள்ளியாகும். அங்கே பிள்ளையின் முதல் ஏடு மணலே. ஆசிரியர் விரலைப் பிடித்து எழுதுவிக்க, பிள்ளை எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே மணலில் வரையும். கண்ணும் செவியும் வாயும் கையும் ஒரே வேளையில் ஓர் எழுத்தில் ஈடுபட்டன. முன்னே கற்ற சட்டாம்பிள்ளை பின்னே வந்தவர்களுக்குக் கற்பித்தான். 1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தை மேற்பார்வையிடத் தொடங்கிய ஸ்காத்லாந்து நாட்டவரான ஆண்ட்ரு பெல் என்பார், இம்மணலெழுத்தைக் கண்டு வியந்து தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்து, 1797-இல் இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டார். அது 'சென்னை முறை' என்னும் பெயருடன் இங்கிலாந்து முழுவதும் பரவியது. நம் திண்ணையில் கிடந்த மணல் பிற நாட்டார்க்குக் கல்விச் சீர்திருத்தமாயிற்று என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. எனினும், திண்ணையின் குறையையும் மறைத்தல் ஆகாது. பிரம்பும் கோதண்டமும் அங்கே ஆட்சி புரிந்தன. நிகண்டையும் நீதிநூல்களையும் பொருள் அறியாமலே ஒப்பித்த பிள்ளைகள் பலர்.

மலாக்காவில் தமிழர் வாழ்வு தோட்டத்தோடு தொடங்கியதன்று. சுல்தான்கள் காலத்திலேயே வந்து தங்கிய வணிகரின் வழிவந்த மலாக்காச் செட்டிகள் காஜா பெராங் பகுதியில் இன்றும் வாழ்கின்றனர். 1781-இல் எழுப்பப்பட்ட பொய்யாத விநாயகர் ஆலயம் அவர்களுடையது. பொங்கலையும் அம்மன் விழாவையும் வழுவாது போற்றும் அம்மக்களின் வீட்டுமொழி மலாய் ஆகிவிட்டது. உள்ளூர்ப் பெண்களோடு கொண்ட மணவுறவும், தாயகத் தொடர்பு அற்றுப்போனதும் காரணங்கள் எனலாம்; தமிழ் எழுத்தைத் தலைமுறைதோறும் கற்பிக்கும் பள்ளி இல்லாமையும் ஒரு காரணமாதல் வேண்டும். 1850-இல் மலாக்காவில் ஆங்கிலமும் தமிழும் கற்பிக்கும் பள்ளியொன்று தோன்றியது. ஆனால் அது நிலைக்கவில்லை.

1896-இல் டான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரை வாணிகப் பயிராக நட்டார். இந்நாட்டில் அம்முயற்சிக்கு வழிகாட்டியவர் அவரே. அடுத்துப் புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. பால் வெட்டத் தமிழர் வந்தனர். அவர்தம் பிள்ளைகளும் வளர்ந்தனர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியது. பள்ளி வேண்டும் என்ற சட்டம், பயிற்சி பெற்ற ஆசிரியரைத் தரவில்லை. கிராணியோ, கங்காணியோ, கோயில் பூசாரியோ, எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோ ஆசிரியர் ஆனார். ஒரே கூடம்; ஒரே ஆசிரியர்; நான்கு வகுப்புகள்.

அந்நிலையில் அவர் அறிந்த முறை, தாம் கற்ற முறையே. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஆய்தம், இருநூற்றுப் பதினாறு உயிர்மெய் என 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பித்த பின்னரே சொல்லுக்குச் செல்ல வேண்டும். மணல் போய்ச் சிலேட்டுப் பலகை வந்தது. மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியரால் முதல் வகுப்புப் பிள்ளையின் விரலைப் பிடிக்க முடியாதாகையால், சிறுவர் குழு ஒன்றாகக் கூவிப் படித்தது. இங்கேதான் திண்ணை முறையின் உயிர்நாடி அறுந்தது எனலாம். ஒலி நின்றது, ஒலியோடு சேர்ந்து எழுத்தை வரையும் கையும், அதைத் திருத்தும் கண்ணும் விடுபட்டன. பாடத்தைப் பக்கம் பக்கமாகத் தலைகீழாய் ஒப்பிக்கும் பிள்ளை, புதிய வரி ஒன்றை நீட்டினால் திகைத்து நிற்கும். அதைப் படிப்பு என்று பெற்றோர் நம்பினர். மேற்பார்வைக்கு வந்தவர்களும் பலவேளை நம்பினர்.

நூலின் உள்ளடக்கமும் துணைசெய்யவில்லை. போருக்கு முன் பாடநூல்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்தன. அவற்றில் ஏரும் வயலும் கிணறும் இருந்தன. பிள்ளை அறிந்தவையோ விடியற்காலைப் பெரட்டு, மங்கு, வாளி, ஒட்டுப்பால் ஆகியவை. தன் வாயில் வாழும் சொல்லை எழுத்தில் ஒருமுறைகூடக் காணாத பிள்ளைக்கு எழுத்து வேற்றூர்ப் பொருளாகவே இருந்தது.

எழுத்தாற்றலைப் பொறுத்தவரை, பள்ளிக்கு வெளியே நிகழ்ந்த ஒன்று பள்ளியைவிடப் பெரிதாக உதவிற்று. 1950-ஆம் ஆண்டுகளில் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' நாளிதழில் மாணவர் மணிமன்றத்தை நடத்தினார். 1950-இல் 'தமிழ் நேச'னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினர். வகுப்பில் 'பார்த்தெழுதுதல்' மட்டுமே அறிந்திருந்த மாணவர், தம் பெயர் அச்சில் வருமென்ற ஆவலால் சொந்தமாக எழுதினர். எழுதியதைத் திருத்தி மீண்டும் எழுதினர். பின்னாளில் மலேசியத் தமிழ் எழுத்துலகில் ஊன்றி நின்றோர் பலர் இவ்வழி வந்தவர்கள். படிப்பவர் ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணம் எழுதும் கைக்கு எவ்வளவு வலிமை தரும் என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

விடுதலை பெற்ற 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அவை தேசியக் கல்வி அமைப்புக்குள் வந்தன. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் பெருகினர். சொல் முறை, வாக்கிய முறை, மின்னட்டை, படவிளக்கம் ஆகியன வகுப்பறையில் புகுந்தன. வகுப்பு களைகட்டியது உண்மை. ஆயினும் புதியதில் இருந்த ஆர்வத்தால் எழுத்துப் பயிற்சியைச் சிலர் அறவே கைவிட்டனர். பசுவின் படத்துக்குக் கீழே 'பசு' என்றிருப்பதைப் பிள்ளை 'மாடு' என்று படித்தது. அது படத்தைத்தான் படித்தது. ஆறாண்டு முடித்துப் புகுமுக வகுப்புக்குச் சென்று மலாயில் எல்லாவற்றையும் கற்க வேண்டிய அம்மாணவன், தமிழெழுத்திலேயே ஊன்றாதவனாயின் இரு மொழியிலும் தடுமாறினான். பள்ளியை இடையில் விட்டு மீண்டும் பால் வெட்டச் சென்ற சிறுவர்களின் கதையில் வறுமைக்கு அடுத்த இடம் இதற்கு உண்டு.

1979-இல் வெளிவந்த அமைச்சரவைக் குழு அறிக்கை வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றையும் தொடக்கக் கல்வியின் மையமாக்கியது. அதன் விளைவாகிய புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் 1982-இல் சோதித்துப் பார்க்கப்பட்டு, 1983-இல் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்தது. அடைவுநிலைக்கேற்பக் குழு பிரித்தல், குறைநீக்கல் போதனை, வளப்படுத்தும் போதனை என்பன அதன் சிறப்புகள். பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே கூடத்தில் வைத்துச் சமாளித்த சின்னஞ்சிறு தோட்டப் பள்ளியின் ஆசிரியருக்குக் குழுமுறை புதிதன்று; பெயர்தான் புதிது.

இதற்கிடையே தமிழக அரசு 1978-இல் ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளின் வடிவைச் சீர்செய்தது. மலேசியப் பாடநூல்களும் பின்னர் அவ்வடிவை ஏற்றன. பிறவற்றுக்கு ஒரு நெறியும் இவற்றுக்கு வேறொரு நெறியும் பயில வேண்டிய தொல்லை நீங்கிற்று. பெரியார் 1935-லேயே தம் இதழில் கையாண்ட சீர்மை இது. பிள்ளைகள் அதற்கு நாற்பதாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

பின்னர் வந்த தேர்வு, சீர்திருத்தத்தின் பயனைப் பாதி விழுங்கியது. 1988 முதல் 2019 வரை நடைபெற்ற யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்காக மாதிரிக் கட்டுரைகள் மனனம் செய்யப்பட்டன. கிழக்கே கதிரவன் பொற்கதிர் விரிக்காத கட்டுரை அந்நாளில் அரிது. சிறப்புத் தேர்ச்சி பெற்ற மாணவனிடம் நேற்று வீட்டில் நடந்ததை ஐந்து வரியில் எழுதச் சொன்னால் எழுதுகோலைக் கடித்தான். திண்ணையை எள்ளி நகையாடிய காலம், திண்ணையின் தீய பழக்கத்தை மட்டும் மீட்டுக்கொண்டது. 2021-இல் அத்தேர்வு நீக்கப்பட்டது.

உயிர்மெய் அமைப்புடைய எழுத்துகளைப் பிள்ளைகள் கற்பது பற்றிக் கன்னடத்தில் சொனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்து வரிசை முழுவதும் கைவர முதலாண்டு போதாது, அது பல ஆண்டுகள் நீளும் என்று காட்டியது. கூட்டெழுத்து மிகுந்த கன்னடத்தைவிடத் தமிழ் எளிது. ஆயினும் முதலாண்டிலேயே 247-ஐயும் முடித்துவிட வேண்டுமென்ற அவசரம் பொருந்தாது என்பதை இதனால் உணரலாம். 'ப', 'ட', 'ம' என்னும் மூன்றெழுத்தோடு ஒரு புள்ளியும் தெரிந்த பிள்ளைக்குப் 'படம்', 'பட்டம்', 'மட்டம்' ஆகிய சொற்கள் அன்றே கிட்டிவிடுகின்றன. எழுத்தும் சொல்லும் ஒருங்கே வருகின்றன. தமிழகத்தில் 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் வகுப்பைவிடப் பிள்ளையின் நிலையையே முதலில் பார்க்கிறது.

இன்று அலோர் காஜாவிலும் ஜாசினிலும் மலாக்கா நகரிலும் முதலாமாண்டில் அமரும் பிள்ளைகளின் நிலை வேறு. அன்றைய தோட்டத்துப் பிள்ளைக்குச் சொல் தெரியும், எழுத்துத் தெரியாது. இன்று வீட்டில் ஆங்கிலமோ மலாயோ பேசி வளரும் பிள்ளை எழுத்தைக் கூட்டி 'வரப்பு' என்று பிழையின்றிப் படிக்கிறது. வரப்பு என்றால் என்னவென்று தெரிவதில்லை. பாட்டியோடு தமிழ் பேசி வளர்ந்த பிள்ளையும் அதே மேசையில்தான் அமர்ந்திருக்கிறது. ஒரே கூடத்தில் நான்கு வகுப்பை வைத்திருந்த பழைய ஆசிரியரைப் போலவே, இன்றைய ஆசிரியரும் ஒரே வகுப்பில் இருவேறு பள்ளிகளை நடத்துகிறார்.