குடியாத்தம் அளித்த தீர்ப்பு

ஒரு தலைவரை அவருடைய கட்சியினர் போற்றுவது இயல்பு. மாற்றுக் கட்சியினர் குறைகூறுவதும் இயல்பே. மாற்றுக் கட்சியினரும் மனமுவந்து ஆதரிப்பதோ அரிது. அத்தகைய அரிய நிகழ்ச்சி ஒன்றை 1954-ஆம் ஆண்டில், அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துக் குடியாத்தம் கண்டது.

அவ்வாண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் காமராசர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். அப்போது அவர் மக்களவை உறுப்பினர். மாநிலச் சட்டமன்றத்தில் அவருக்கு இடமில்லை. ஆறு திங்களுக்குள் இடம் பெறவேண்டும் என்பது அரசியல் சட்ட விதி. அவருக்கு முன்னர் ஆண்ட இராசாசி, மேலவையின் நியமன உறுப்பினராக இருந்தே ஆட்சி நடத்தினார். காமராசர் அவ்வழியை நாடவில்லை. தம் ஊராகிய விருதுநகருக்கு நெடுந்தொலைவிலுள்ள குடியாத்தத்தின் இடைத்தேர்தலில் மக்கள்முன் நின்றார்.

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் வேரூன்றியது. குடியாத்தம் வட்டத்துப் பேர்ணாம்பட்டிலும் அத்தொழில் நடந்தது; குடியாத்தம் நகரிலோ தறியோசை மிகுதி. தோல் மண்டிகளை நடத்தியவருள் முஸ்லிம் வணிகர் பலர். சுண்ணாம்புக் குழியிலும் ஆவாரம்பட்டை ஊறிய நீரிலும் நின்று உழைத்தவருள் ஒடுக்கப்பட்டோர் பலர்.

இத்தகைய வட்டாரத்தில், முந்தைய ஆட்சி 1953-இல் கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின் பொருளை எவரும் எளிதில் உணரலாம். ஊர்ப்புறப் பள்ளிகளில் படிப்பு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைந்தது. எஞ்சிய நேரத்தில் சிறுவர் பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டும் என்றனர். அவ்வாறாயின், தோல் தொழிலாளியின் மகனுக்குக் காத்திருந்தது தந்தை நின்ற அதே குழிதானே? காமராசர் ஆட்சி 1954 மே மாதத்தில் அத்திட்டத்தைக் கைவிட்டது.

1925-இல் காங்கிரசை விட்டு நீங்கி அதனை எதிர்த்துவந்த பெரியார், காமராசரை ஆதரித்தார். அண்ணாவின் திராவிட முன்னேற்றக் கழகமும் வேட்பாளரை நிறுத்தாது ஆதரவு தந்தது. காங்கிரசார் அவரைத் தம் தலைவராகக் கண்டனர். மற்றையோர், கல்விக் கதவைத் திறந்த தமிழராகக் கண்டனர். பொதுவுடைமைக் கட்சியின் நோக்கு வேறு. மனிதர் நல்லவராயினும் கொள்கையே அளவுகோல் என்னும் நிலையில், அக்கட்சி வி. கே. கோதண்டராமனை நிறுத்தியது. காமராசர் ஏறத்தாழ 38 ஆயிரம் வாக்கு மிகுதியால் வென்றார்.

அத்துடன் கதை முடிந்துவிடவில்லை. 1957 பொதுத்தேர்தலில் காமராசர் சாத்தூரில் நின்று வென்றார். குடியாத்தம் மக்களோ, மூன்றாண்டுக்கு முன் தோற்ற அதே கோதண்டராமனைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினர். அவர்கள் காமராசருக்கு அளித்த வாக்கு, அவருடைய கட்சிக்கு எழுதிக்கொடுத்த சாசனமன்று என்பது இதனால் புலனாகும்.

பின்னர் காமராசர் அகில இந்தியக் காங்கிரசின் தலைவரானார். 1964-இலும் 1966-இலும் நாட்டின் பிரதமரைத் தேர்ந்தெடுப்பதில் முன்னின்றார். எனினும், அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் மேலோங்கிய 1967 தேர்தலில், விருதுநகரிலேயே தி.மு.க.வின் இளைஞர் பெ. சீனிவாசனிடம் தோற்றார். குடியாத்தத்தில் துணைநின்ற கழகமே அங்கு அவரை வீழ்த்தியது.

மாணவ நண்பர்களே, மக்கள் நன்றி மறந்தனர் என்று இதனைக் கூறுதல் பொருந்தாது. 1975-இல் அவர் மறைந்தபோது கட்சி வேறுபாடின்றி மாநிலமே கலங்கியது. வாக்காளர் தலைவரை ஒரு தட்டிலும், அவருடைய ஆட்சியையும் கட்சியையும் மற்றொரு தட்டிலும் வைத்து எடை பார்க்கின்றனர். அன்பு நிலைத்திருக்கும், வாக்கு, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டுப் பெறவேண்டிய ஒன்றாகும்.