தொப்பி கேட்கிறதா?

அப்பா வைத்திருந்த வால்வு ரேடியோ பெரிய மரப்பெட்டி. சென்னை வானொலியில் தனி ஆவர்த்தனம் வந்தால், மிருதங்கத்தின் தொப்பி கூடமே அதிரும்படி கேட்கும்.

1954-இல் அமெரிக்காவில் முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ விற்பனைக்கு வந்தது. ரேடியோ சட்டைப்பைக்குள் அடங்கியது. தொப்பி காணாமல் போனது. தாழ்ந்த நாதத்துக்கு நிறையக் காற்றை அசைக்க வேண்டும். சின்ன ஸ்பீக்கரால் அது ஆகாது.

இன்றும் அதே கதைதான். 2014-இல் அறிமுகமான முதல் அமேசான் எக்கோவின் பெரிய ஸ்பீக்கர் 2.5 அங்குலம். 2018-இல் விற்பனைக்கு வந்த ஆப்பிள் ஹோம்பாடில் 4 அங்குலம். வாயால் சொன்னால் இரண்டும் பாடும், நாதம்தான் ஒன்றல்ல.

பேரன் உள்ளங்கை அளவில் ஒன்று வாங்கித் தந்தான். பாலக்காடு மணி ஐயரைப் போடச் சொன்னேன். வலந்தலை கணீரென்று வந்தது, தொப்பி வரவில்லை. காது போய்விட்டதோ என்று பயந்தேன். அவனுடைய பெரிய ஸ்பீக்கரில் அதே பதிவைப் போட்டான், தொப்பி வந்துவிட்டது! வயதானால் காதில் முதலில் குறைவது மேல் ஒலிகள்தானாம்.

வாங்கப் போகிறவர்களே, கடையில் ஒரு தனி ஆவர்த்தனம் போடச் சொல்லுங்கள். தொப்பி கேட்டால் பணம் கொடுங்கள்.