இணையவழி விளையாட்டு: சமபலம் தேடும் கணக்கு

கனடாவின் மொன்றியல் நகரில், சென்ட் லோரன்ட் பெருவீதியில் முன்னர் ஆடைத் தொழிற்சாலையாக இருந்த செங்கற் கட்டடம் ஒன்றில் இயங்குகிறது யூபிசாஃப்ட் நிறுவனத்தின் கணினி விளையாட்டுக் கூடம். அணிக்கு ஐவராக மோதும் 'ரெயின்போ சிக்ஸ் சீஜ்' 2015 டிசம்பரில் வெளியானது இங்கிருந்துதான். முன்பின் அறியாத பத்துப் பேரை எந்த அடிப்படையில் ஓர் ஆட்டத்தில் சேர்ப்பது என்பதே இத்தகைய விளையாட்டுகளின் தீராத சர்ச்சை.

இதற்கான கணக்கின் வேர் சதுரங்கத்தில் இருக்கிறது. ஹங்கேரியில் பிறந்த அமெரிக்கப் பேராசிரியர் அர்பாட் ஈலோ வகுத்த புள்ளிமுறையை சர்வதேச சதுரங்க சம்மேளனம் 1970இல் ஏற்றுக்கொண்டது. இருவரின் புள்ளி வித்தியாசத்தைக் கொண்டு, யார் எவ்வளவு ஈட்டுவார் என்பது முன்கூட்டியே மதிப்பிடப்படுகிறது. அதனை விஞ்சினால் புள்ளி ஏறும், தவறினால் இறங்கும். 2024இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் தொடக்கத்தில் சென்னையின் குகேஷ் 2783 புள்ளிகளும் சீனாவின் டிங் லிரென் 2728 புள்ளிகளும் பெற்றிருந்தனர். 14 ஆட்டங்களில் குகேஷ் எட்டுக்குச் சற்று மேல் எடுக்க வேண்டும் என்றது கணக்கு. அவர் எடுத்தது ஏழரை. உலக சாம்பியனானார், அவரது தரப்புள்ளியோ ஆறு குறைந்தது! இந்தக் கணக்கு எவருக்கும் சலுகை காட்டுவதில்லை.

அணி விளையாட்டில் சிக்கல் கூடுகிறது. ஐவர் சேர்ந்து வென்றால் அதில் யாருடைய பங்கு எவ்வளவு? மைக்ரோசாஃப்ட் 2005இல் அறிமுகப்படுத்திய 'ட்ரூஸ்கில்' முறை, ஒருவரது திறனோடு, அந்த மதிப்பீடு எவ்வளவு நிச்சயமற்றது என்பதையும் சேர்த்தே கணிக்கிறது. தவிர, சமபலமுள்ள எதிராளி வேறொரு கண்டத்தில் இருந்தால் இணைப்பு தாமதமாகும். அருகிலேயே தேடினால் காத்திருப்பு நீளும். ஆட்டக்காரர் குறைவாக உள்ள நாடுகளில் இருப்போர் இதனை நன்கறிவர்.

2022 டிசம்பரில் 'சீஜ்' விளையாட்டில் ஒரு முக்கிய மாற்றம் செய்யப்பட்டது. ஒவ்வொரு பருவத்திலும் எல்லோரும் கடைசித் தரத்திலிருந்தே ஏறத் தொடங்கினர். ஆனால் எதிராளியைத் தீர்மானித்தது, கண்ணுக்குத் தெரிந்த அந்தத் தரமல்ல. ஆட்டக்காரரிடமிருந்து மறைக்கப்பட்ட திறன் எண். இருவருக்கும் வெற்றி வாய்ப்பு சரிபாதி என்பதே நியாயம் என்றால் இதில் குறை காண முடியாது. ஆனால் தன்னை அளக்கும் கோலைத் தன்னிடமே காட்ட மறுக்கும் நடுவரை எவர் நம்புவார்?

சந்தேகத்துக்குக் காரணமும் உண்டு. விளையாட்டுக்குள் பொருள் வாங்கத் தூண்டும் விதத்தில் எதிராளிகளைச் சேர்க்கும் முறை ஒன்றுக்கு, ஆக்டிவிஷன் என்ற வேறொரு நிறுவனம் 2017இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. அதனை எந்த விளையாட்டிலும் பயன்படுத்தவில்லை என்று அந்நிறுவனம் கூறியது. கணக்கு மறைவில் இருப்பதால், ஆட்டக்காரர் அதைத் தாமாகச் சரிபார்க்க வழியில்லை.