ஹூபர்மானின் வயலின் யாருக்குச் சொந்தம்?

1936 பிப்ரவரி 28. நியூயார்க் கார்னகி ஹாலில் போலந்து நாட்டு வயலின் கலைஞர் புரோனிஸ்லாவ் ஹூபர்மான் கச்சேரி செய்துகொண்டிருந்தார். கையில் இருந்தது குவார்னெரி வயலின். 1713இல் ஸ்ட்ராடிவாரி செய்த இன்னொன்றை உடைமாற்றும் அறையில் விட்டிருந்தார். கச்சேரி முடிவதற்குள் அது போய்விட்டது.

அதே வயலின் 1919இல் வியன்னாவில் ஒரு ஹோட்டல் அறையிலிருந்தும் திருடு போயிருக்கிறது. அப்போது சில நாளிலேயே கிடைத்தது. இந்தமுறை கிடைக்கல. லண்டன் லாயிட்ஸ் 30,000 டாலர் இழப்பீடு கொடுத்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் திருடன் பின்னாலேயே போய்விடுவார்கள். சுவாரஸ்யமான ஆள்தான். ஜூலியன் ஆல்ட்மன், உணவகங்களில் வாசித்துப் பிழைத்தவர். தானே திருடினாரா, திருடியவனிடம் 100 டாலருக்கு வாங்கினாரா என்று இரண்டு கதை உண்டு. ஷூ பாலிஷ் பூசி மறைத்து, ஏறக்குறைய ஐம்பது வருடம் அதையே வாசித்தார். 1985இல் சாகும் தறுவாயில்தான் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். வயலின் பெட்டியின் உறைக்குள் திருட்டைப் பற்றிய பழைய நாளிதழ்த் துணுக்குகள் இருந்தன.

எனக்கு அந்த 30,000 டாலர்தான் முக்கியமாகப் படுகிறது. முழு இழப்புக்கும் காப்புறுதிப் பணம் கொடுத்தாகிவிட்டால், பொருளின் மீதான உரிமை பணம் கொடுத்தவர் பக்கம் போய்விடும். கைக்கு வராத ஒரு வயலினை லாயிட்ஸ் 51 வருடம் சொந்தமாக வைத்திருந்தது. 1987இல் ஆல்ட்மனின் மனைவி வயலினை ஒப்படைத்ததும் அவர்களிடம்தான். கண்டெடுத்துக் கொடுத்ததற்காக அவருக்குக் கிடைத்தது சுமார் 263,000 டாலர். ஹூபர்மான் 1947லேயே இறந்துவிட்டார்.

நான் வேலை செய்யும் இடத்தில் பம்ப், கம்ப்ரசர் எல்லாத்துக்கும் காப்புறுதி உண்டு. வருடா வருடம் மதிப்பு குறைந்துகொண்டே வரும். பத்து வருடத்தில் பழைய இரும்பு விலைதான். வயலின் அப்படியே தலைகீழ். லாயிட்ஸ் இதை 1988இல் அமாடியஸ் குவார்ட்டெட்டின் நார்பர்ட் பிரைனினுக்கு 1.2 மில்லியன் டாலருக்கு விற்றது. 2001இல் ஜோஷுவா பெல் வாங்கியபோது விலை ஏறக்குறைய 4 மில்லியன். அதனால்தான் அரிய இசைக்கருவிகளுக்கு இவ்வளவு மதிப்பு என்று முன்கூட்டியே பேசி முடித்துப் பத்திரத்தில் எழுதிவிடுகிறார்கள். சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி மதிப்பிடாவிட்டால் அந்த எண் பின்தங்கிவிடும். இன்னொரு சங்கதி: வயலின் உடைந்தால் ஒட்டிவிடலாம், ஒலியும் திரும்பலாம், ஆனால் பழைய விலை திரும்பாது. நல்ல காப்புறுதி அந்த வித்தியாசத்தையும் சேர்த்தே கொடுக்கும்.

வயலினைத் திரும்பப் பெற்று லாயிட்ஸ் லாபம் பார்த்தது அநியாயமா? நான் அப்படி நினைக்கல. அது கடைசிவரை கிடைக்காமலே போயிருந்தால் நஷ்டம் அவர்களுடையதுதானே. ஹூபர்மான் கேட்ட பணம் ஹூபர்மானுக்கு வந்தது.

ஆனால் அவருக்கு அந்த வயலின் வரவே இல்லை. அந்த வருடம் அவர் ஐரோப்பாவில் வேலை பறிபோன யூத இசைக்கலைஞர்களைச் சேர்த்துப் பாலஸ்தீனத்தில் ஓர் இசைக்குழு அமைக்க நிதி திரட்டி அலைந்துகொண்டிருந்தார். டிசம்பரில் டெல் அவிவில் அதன் முதல் கச்சேரி நடந்தது. அதை வழிநடத்தியவர் டோஸ்கனினி. அந்த நேரத்தில் வயலின் அமெரிக்காவில், ஷூ பாலிஷுக்கு அடியில் இருந்தது.