கணினிவழித் தரவு சேகரிப்பும் செயல்முறைக் கட்டுப்பாடும்

ஓர் ஆலையின் வெப்பநிலை, அழுத்தம், நீர்மட்டம், பாய்வு வீதம் போன்றவற்றை உணரிகளால் அளந்து, எண்களாக மாற்றிக் கணினியில் பதிவு செய்வது கணினிவழித் தரவு சேகரிப்பு எனப்படும். அந்த எண்களைக் கொண்டு கணினியே வால்வுகளையும் பம்புகளையும் இயக்கி, ஆலையை வேண்டிய நிலையில் வைத்திருப்பது கணினிவழிச் செயல்முறைக் கட்டுப்பாடு ஆகும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரம், சிமெண்ட், மின் உற்பத்தி போன்ற தொழில்களில் இம்முறை பரவலாகப் பயன்படுகிறது. கணினி கணக்கில் தவறுவது அரிது. ஆனால் அதற்குத் தரப்படும் அளவு உண்மை நிலையைக் காட்டுகிறதா என்ற கேள்வி இத்துறையின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

பின்னூட்டம்

மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்தைப் பலரும் பார்த்திருப்போம். நீர் குறைந்தால் பந்து இறங்கிக் குழாயின் வாயைத் திறக்கிறது. நிறைந்தால் மேலெழுந்து அடைக்கிறது. அளத்தல், வேண்டிய அளவோடு ஒப்பிடுதல், வேறுபாட்டைத் திருத்துதல் ஆகிய மூன்று வேலைகளும் அந்த ஒரு பந்தில் அடங்கியுள்ளன. இதுவே பின்னூட்டக் கட்டுப்பாடு. 1788ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரத்துக்குப் பயன்படுத்திய, சுழலும் குண்டுகள் கொண்ட வேக ஒழுங்கியும் இவ்வகையைச் சேர்ந்ததே. இத்தகைய ஒழுங்கிகள் சில வேளைகளில் நிலைகொள்ளாமல் அலைபாய்வது ஏன் என்பதை ஜேம்ஸ் கிளார்க் மாக்சுவெல் 1868இல் கணித முறையில் ஆராய்ந்தார்.

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அழுத்தக் காற்றால் இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஆலைகளில் பரவின. வட்டத்தாளில் பேனா ஒன்று கோடு வரைந்துகொண்டிருக்கும். பணியாளர்கள் கருவிகளின் முகப்பைப் பார்த்து அளவுகளைப் பதிவேட்டில் எழுதுவார்கள்.

அளவு எண்ணாகும் விதம்

மின்னணுக் கருவிகள் வந்தபின், அளவுகளைக் கம்பி வழியே அனுப்புவதற்கு 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டம் பொதுவான முறையாயிற்று. தொட்டி காலியாக இருந்தால் 4, பாதி நிறைந்தால் 12, முழுதும் நிறைந்தால் 20. இதைச் சுழியத்தில் தொடங்காமல் 4இல் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியமாகிவிடும். காலித் தொட்டிக்கும் சுழியமே குறியீடு என்றால், தொட்டி காலியா, கம்பி அறுந்ததா என்று பிரித்தறிய முடியாது. 'நீர் இல்லை' என்பது வேறு, 'நீர் இருக்கிறதா என்று தெரியவில்லை' என்பது வேறு.

இம்மின்னோட்டத்தை எண்ணாக்குவது ஒரு மாற்றிச் சுற்று. 12 பிட் மாற்றி, அளவின் முழு வீச்சையும் 4096 படிகளாகப் பிரிக்கும். கணினி உணரிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்து, மீண்டும் முதல் உணரிக்குத் திரும்பும்.

ஆலைக்குள் வந்த கணினி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், போர்ட் ஆர்தர் நகரிலுள்ள டெக்சகோ சுத்திகரிப்பு ஆலையின் ஒரு பிரிவை 1959 மார்ச் 12 அன்று ஆர்.டபிள்யூ.-300 என்னும் கணினி கட்டுப்படுத்தத் தொடங்கியது. 26 பாய்வுகள், 72 வெப்பநிலைகள், 3 அழுத்தங்கள், 3 வேதிச்சேர்க்கை அளவுகள் அதன் பொறுப்பில் இருந்தன.

அக்காலக் கணினிகளுக்கு ஒரு கூட்டலுக்கு 1 மில்லி வினாடியும் ஒரு பெருக்கலுக்கு 20 மில்லி வினாடியும் தேவைப்பட்டன. சராசரியாக 50 முதல் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அவை பழுதடைந்தன. ஆகவே வால்வுகளைப் பொறியாளர்கள் கணினியிடம் நேரடியாக ஒப்படைக்கவில்லை. எந்த வெப்பநிலை, எந்தப் பாய்வு சிறந்தது என்று கணினி கணக்கிட்டுப் பழைய கருவிகளின் இலக்கு அளவை மட்டும் மாற்றியது. கணினி நின்றுபோனாலும் அக்கருவிகள் கடைசி இலக்கைப் பிடித்துக்கொண்டு ஆலையை நடத்தும். இது மேற்பார்வைக் கட்டுப்பாடு எனப்பட்டது.

1962இல் இங்கிலாந்தின் இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் அடுத்த அடியை எடுத்து வைத்தது. தனது ஆலை ஒன்றில் பழைய கருவிகளை நீக்கிவிட்டு, ஃபெரான்டி ஆர்கஸ் என்னும் ஒரே கணினியைப் பொருத்தியது. அது 224 அளவுகளை வாசித்து, 129 வால்வுகளை நேரடியாக இயக்கியது. ஆனால் எல்லாம் ஒரே கணினியில் இருந்தால், அது நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

1971இல் இண்டெல் 4004 நுண்செயலி வெளிவந்தபின் இதற்கு வழி பிறந்தது. 1975இல் ஹனிவெல் நிறுவனமும் ஜப்பானின் யோகோகாவா நிறுவனமும் பகிர்ந்த கட்டுப்பாட்டு அமைப்புகளை அறிமுகப்படுத்தின. ஒரு பெரிய கணினியின் வேலை பல சிறிய கட்டுப்படுத்திகளுக்குப் பிரித்துத் தரப்பட்டது. ஒன்று பழுதானால் அதன் பொறுப்பிலுள்ள சில வால்வுகள் மட்டுமே பாதிக்கப்படும்.

மூன்று மைல் தீவு

1979 மார்ச் 28 அதிகாலை, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தின் 2ஆம் உலையில் அழுத்தம் உயர்ந்து, ஒரு விடுவிப்பு வால்வு திறந்தது. அழுத்தம் தணிந்ததும் மூடவேண்டிய அந்த வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ அது மூடியிருப்பதாகக் காட்டியது. அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டும்படி அமைக்கப்படவில்லை. மூடுவதற்கான ஆணை சென்றதை மட்டுமே காட்டியது. 2 மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்நீர் அதன் வழியே வெளியேறியது.

உலைக்கலத்தின் நீர்மட்டத்தை நேரடியாகக் காட்டும் கருவியும் இல்லை. முதல் சில நிமிடங்களிலேயே 100க்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒலித்தன. அவற்றை அச்சிட்ட பொறி நிகழ்வுகளுக்கு 2 மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தங்கியது. உலையின் உள்வெப்பம் 700 பாரன்ஹீட்டைத் தாண்டியபோது, கணினி எண்ணுக்குப் பதிலாகக் கேள்விக்குறிகளை அச்சிட்டது. அந்த வரம்புக்கு மேல் அப்படி அச்சிடும்படியே அதன் நிரல் எழுதப்பட்டிருந்தது. உணரி அளந்த எண் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் மனிதர் கண்ணுக்கு எட்டவில்லை. உலைக்கருவின் ஏறக்குறைய பாதி உருகியது. விடுவிப்பு வால்வின் உண்மை நிலையையும் உலைக்கலத்தின் நீர் நிலையையும் காட்டும் கருவிகள் பின்னர் அமெரிக்க அணு உலைகளில் கட்டாயமாக்கப்பட்டன.

மீண்டும் ஒரு வால்வு

1994 ஜூலை 24 அன்று வேல்சின் மில்ஃபோர்டு ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நேர்ந்தது. 26 பேர் காயமடைந்தனர். அங்கே ஒரு வால்வு மூடியிருந்தபோது, கட்டுப்பாட்டு அமைப்பு அது திறந்திருப்பதாகக் காட்டியது. வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் 2 பணியாளர்கள் 275 எச்சரிக்கைகளைக் கவனிக்க வேண்டியிருந்தது. எச்சரிக்கைகளைப் பெருக்குவது பாதுகாப்பைப் பெருக்குவது ஆகாது என்பதை இது உணர்த்தியது. எச்சரிக்கை அமைப்புகளை வடிவமைப்பதற்கான இ.இ.எம்.யு.ஏ. 191 என்னும் வழிகாட்டி 1999இல் பிரித்தானியாவில் வெளியானது.

மாணவர்களுக்கு

இன்று பள்ளி, கல்லூரி மாணவர்களே சிறிய ஆர்டுயினோ பலகையைக் கொண்டு மோட்டாரை இயக்கி, அளவுகளைக் கணினியில் பதிவு செய்கிறார்கள். 'மோட்டார் ஓடுகிறது' என்று திரையில் எழுதுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: அது ஓடுவதை நம் கருவி அளந்ததா, அல்லது ஓடு என்று நாம் ஆணையிட்டது மட்டும்தானா? மாடித் தொட்டியின் பந்து தண்ணீரையே தொடுகிறது. மூன்று மைல் தீவின் விளக்கு வால்வைத் தொடவில்லை.