ஓர் எல்லைக்கோடு, இரண்டு கலகங்கள்

அயர்லாந்துத் தீவின் வடக்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் எல்லைக்கோடு ஓடுகிறது. வயல்களை வகுந்துகொண்டும் ஓடைகளைத் தாண்டியும் போகும் இந்தக் கோடு 1921இல் பிறந்தது. அயர்லாந்து மக்கள் இதற்குக் கொடுத்த விலை பெரிது. பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சியும் இதன் பொருட்டு இரண்டு முறை உள்ளுக்குள் பிளந்தது. இரண்டு முறையும் தலைமை ஓர் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. சொந்தக் கட்சி எம்.பி.க்களே போர்க்கொடி தூக்கினார்கள். முதல் முறை, 1922இல், ஒரே காலைப் பொழுதில் தலைமை சரிந்தது. 2018இல் கலகக்காரர்கள் தோற்றுப்போனார்கள்.

முதல் கதை 1921 டிசம்பர் 6ஆம் தேதி விடிவதற்கு முன்பே தொடங்குகிறது. மைக்கேல் காலின்ஸ், ஆர்தர் கிரிஃபித் உள்ளிட்ட அயர்லாந்துத் தூதுக்குழுவினரும் பிரிட்டிஷ் அமைச்சர்களும் லண்டனில் ஆங்கில-ஐரிஷ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பிரதமர் டேவிட் லாயிட் ஜார்ஜ் லிபரல்காரர். ஆனால் அவருடைய கூட்டணி அரசு கன்சர்வேடிவ் எம்.பி.க்களின் தோளில்தான் நின்றது. அந்தக் கட்சியின் தலைவர் ஆஸ்டன் சேம்பர்லேனும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். வடக்கின் ஆறு மாவட்டங்கள் போக, மீதி அயர்லாந்து கனடாவைப் போல டொமினியன் அந்தஸ்து பெறும் என்பது ஏற்பாடு.

ஆயுதமேந்தியவர்களோடு பேரம் பேசிச் சாம்ராஜ்யத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று கன்சர்வேடிவ் கட்சியின் கடும்போக்கினர் கொதித்தார்கள். அவர்களை ‘டை-ஹார்டு’கள் என்று அழைத்தார்கள். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தபோதே, 1921 அக்டோபர் 31 அன்று, கர்னல் ஜான் கிரெட்டன் அரசைக் கண்டித்துக் கொண்டுவந்த தீர்மானத்துக்கு 43 வாக்குகளே விழுந்தன, எதிராக 439. டிசம்பரில் ஒப்பந்தம் சபைக்கு வந்தபோது 401க்கு 58 என்று நிறைவேறியது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கலகம் அன்றே முடிந்துபோன சங்கதி.

முடியவில்லை. 1922 ஜூன் 22 அன்று, ஒப்பந்தத்தை எதிர்த்த எம்.பி.யான ஃபீல்டு மார்ஷல் ஹென்றி வில்சனை லண்டனில் அவருடைய வீட்டு வாசலிலேயே ஐரிஷ் குடியரசுப் படையை (ஐ.ஆர்.ஏ.) சேர்ந்த இருவர் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சாவு அயர்லாந்து ஒப்பந்தத்தின் மீதான கோபத்தைப் பல மடங்காக்கியது. அதே கோடையில், பணம் வாங்கிக்கொண்டு பிரபுப் பட்டங்கள் தரப்படுகின்றன என்ற ஊழல் வெடித்தது. செப்டம்பரில் சனக் விவகாரம் வந்தது. துருக்கியோடு இன்னொரு போருக்கு நாட்டை இழுத்துப்போகிறார் லாயிட் ஜார்ஜ் என்ற பயம் பரவியது. 43 பேரின் மனக்குறை கட்சியின் பொதுக்குறையாக மாறியது இப்படித்தான்.

கலகத்தை நசுக்கிவிடலாம் என்று எண்ணிச் சேம்பர்லேனே எம்.பி.க்களின் கூட்டத்தைக் கூட்டினார். இடம் லண்டனில் கன்சர்வேடிவ்கள் கூடும் கார்ல்டன் கிளப். நாள் 1922 அக்டோபர் 19. நியூபோர்ட் இடைத்தேர்தல் முடிவு அன்று அதிகாலையில் வெளியாகும். அது கூட்டணியின் அவசியத்தை உணர்த்தும் என்பது அவருடைய கணக்கு. கணக்கு தப்பியது. அங்கே கூட்டணியின் தயவில்லாமலே கன்சர்வேடிவ் வேட்பாளர் ஜெயித்தார். லிபரல் வேட்பாளர் மூன்றாம் இடத்துக்குப் போனார்.

கூட்டத்தில் வர்த்தக வாரியத் தலைவர் ஸ்டான்லி பால்ட்வின் சில நிமிடங்களே பேசினார். லிபரல் கட்சியை உடைத்த மனிதர் நம் கட்சியையும் உடைத்துவிடுவார் என்பதே அவர் பேச்சின் சாரம். ஆனால் அந்தக் காலையின் போக்கைத் தீர்மானித்தவர் போனார் லா. உடல்நலம் கெட்டதால் 1921 மார்ச்சில் தலைமைப் பதவியை விட்டு விலகியிருந்த அவர், கடைசி வரை தயங்கிவிட்டுக் கூட்டத்துக்கு வந்தார்; கூட்டணியை முறித்துக்கொள்ள வேண்டும் என்றார். அவர் எழுந்து நின்றதும், அடுத்த பிரதமர் யார் என்ற கேள்விக்கு எம்.பி.க்களின் கண்முன்னே விடை கிடைத்துவிட்டது. வாக்கு 187க்கு 87. அன்று மாலைக்குள் லாயிட் ஜார்ஜ் ராஜினாமா செய்தார். அதன் பிறகு அவர் எந்த அரசிலும் பதவி வகிக்கவில்லை. சேம்பர்லேன் கட்சித் தலைமையை இழந்தார். நவம்பர் 15 பொதுத் தேர்தலில் போனார் லா பெரும்பான்மையோடு வென்றார்.

அந்தத் தேர்தலில் முதல்முறையாக வென்ற எம்.பி.க்கள் சிலர் 1923இல் அமைத்ததுதான் ‘1922 கமிட்டி’. கார்ல்டன் கிளப் கலகத்தின் பெயரை அது தாங்குகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது தேர்தல் ஆண்டின் பெயர். பின்னாளில் எல்லாக் கன்சர்வேடிவ் பின்வரிசை எம்.பி.க்களுக்கும் உரிய அமைப்பாக அது வளர்ந்தது.

தலைவரை மாற்றும் முறையும் மெல்ல மெல்ல மாறியது. 1965 வரை கன்சர்வேடிவ் கட்சியில் தலைமைக்குத் தேர்தலே கிடையாது. மூத்தவர்கள் கலந்து பேசி ஒருவரை முன்னிறுத்துவார்கள். முதல் தேர்தலில் எட்வர்டு ஹீத் வென்றார். பத்து ஆண்டுகளில் அதே வழியில் மார்கரெட் தாட்சர் அவரை வீழ்த்தினார். 1990இல் தாட்சருக்கும் அதே கதி: மைக்கேல் ஹெசல்டைனைவிட 204க்கு 152 என்று அதிக வாக்கு பெற்றும், விதி கேட்ட வித்தியாசத்துக்கு நான்கு வாக்கு குறைந்ததால் பதவி போயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தால் அலைக்கழிந்த ஜான் மேஜர் 1995இல் தாமே தலைமையை ராஜினாமா செய்து, மீண்டும் போட்டியிட்டு, ஜான் ரெட்வுட்டை 218க்கு 89 என்று வென்றார்.

இந்த அமளிகளுக்குப் பிறகு 1998இல் புது விதி வந்தது. கட்சி எம்.பி.க்களில் 15 சதவீதம் பேர் 1922 கமிட்டியின் தலைவருக்குக் கடிதம் கொடுத்தால் நம்பிக்கை வாக்கெடுப்பு நடக்கும் என்று அப்போது வகுக்கப்பட்டது. எத்தனை கடிதம் சேர்ந்திருக்கிறது என்பது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். எதிர்த்து நிற்க ஒரு வேட்பாளர் முன்வரவேண்டிய அவசியம் இனி இல்லை. ஆனால் வாக்கெடுப்பில் தலைவர் வென்றுவிட்டால் ஓராண்டுக்கு அவரைத் தொட முடியாது. 2003இல் இயன் டங்கன் ஸ்மித் 90க்கு 75 என்று இந்த வாக்கெடுப்பில்தான் வீழ்ந்தார்.

பிரதமர் தெரசா மேயின் முறை 2018இல் வந்தது. 2017 தேர்தலில் பெரும்பான்மையை இழந்து, வட அயர்லாந்தின் டி.யு.பி. கட்சியின் பத்து எம்.பி.க்களை நம்பி ஆட்சி நடத்திக்கொண்டிருந்தார். 2018 நவம்பர் 14 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகும் ‘பிரெக்சிட்’ ஒப்பந்தத்தின் 585 பக்க வரைவு வெளியானது. மறுநாளே பிரெக்சிட் அமைச்சர் டொமினிக் ராப் விலகினார். தகராறு முழுவதும் அந்தப் பழைய கோட்டின் மீதே வந்து நின்றது. எல்லையில் மறுபடியும் சுங்கச்சாவடி வரக்கூடாது; ஆகவே வேறு உடன்பாடு அமையாவிட்டால் பிரிட்டன் முழுவதும் ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒரே சுங்க வளையத்தில் இருக்கும். ‘பேக்ஸ்டாப்’ என்ற இந்த ஏற்பாட்டிலிருந்து பிரிட்டன் தன்னிச்சையாக வெளியேற முடியாது. விட்டுவந்த வீட்டுக்குள்ளேயே பூட்டப்படுகிறோம் என்று ஜேக்கப் ரீஸ்-மாக், ஸ்டீவ் பேக்கர் முதலிய பிரெக்சிட் தீவிரர்கள் கொந்தளித்தார்கள்.

தேவைப்பட்டவை 48 கடிதங்கள். நவம்பர் நடுவில் ரீஸ்-மாக் தம் கடிதத்தைப் பகிரங்கமாகக் கொடுத்தும் எண்ணிக்கை சேரவில்லை. டிசம்பர் 10 அன்று, தோல்வி உறுதி என்று தெரிந்து, ஒப்பந்தத்தின் மீதான வாக்கெடுப்பை மே தள்ளிவைத்தார். மறுநாள் சலுகை கேட்டு ஹேக், பெர்லின், பிரஸ்ஸல்ஸ் என்று அலைந்தார். அன்று இரவே கமிட்டித் தலைவர் கிரகாம் பிராடி அவரைத் தொடர்புகொண்டு, கடிதங்கள் சேர்ந்துவிட்டதைத் தெரிவித்தார்.

டிசம்பர் 12 மாலை நாடாளுமன்றத்தில் ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. அதற்கு முன், அடுத்த பொதுத் தேர்தலில் கட்சிக்குத் தலைமையேற்க மாட்டேன் என்று மே எம்.பி.க்களிடம் உறுதியளித்தார். ஆதரவு 200, எதிர்ப்பு 117.

1922இல் வென்றவர்களுக்கும் 2018இல் தோற்றவர்களுக்கும் இடையே நின்ற வித்தியாசம் கோபத்தின் அளவில் இல்லை. கார்ல்டன் கிளப்பில் போனார் லா தயாராக நின்றார்; கூட்டணியை விட்டு விலகித் தனித்துப் போட்டியிடலாம் என்ற மாற்று வழியும் தயாராக இருந்தது. மேயை எதிர்த்த 117 பேருக்கு ஒருமனதான வாரிசு இல்லை. எல்லையைத் திறந்தே வைத்துக்கொண்டு சுங்க வளையத்தையும் விட்டு வெளியேறும் வழியை அவர்களில் யாராலும் சபை ஏற்கும்படி முன்வைக்க முடியவில்லை. புதிய விதி கலகத்தைத் தொடங்குவதை எளிதாக்கியது. மாற்றுத் தலைவரைக் காட்டாமலேயே தொடங்கலாம் என்ற அந்த வசதிதான் அவர்களைத் தோற்கடித்தது என்று சொல்லவேண்டும்.

ஓராண்டுக்கு அசைக்க முடியாது என்ற பாதுகாப்பும் மேயைக் காக்கவில்லை. 2019 ஜனவரி 15 அன்று ஒப்பந்தம் 432க்கு 202 என்று தோற்றது. பிரிட்டிஷ் அரசு ஒன்று நாடாளுமன்றத்தில் சந்தித்த மிகப்பெரிய தோல்வி அது. எதிர்த்து வாக்களித்தவர்களில் 118 பேர் கன்சர்வேடிவ்கள். மார்ச்சில் மேலும் இரண்டு முறை தோற்றது. மே மாதம் 24ஆம் தேதி அவர் கண்கலங்கியபடி ராஜினாமாவை அறிவித்தார். அவருக்குப் பின் வந்த போரிஸ் ஜான்சன் சுங்கச் சோதனையைப் பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் இடையிலான கடலுக்கு நகர்த்தி ஒப்பந்தத்தை நிறைவேற்றினார். 2022 ஜூன் 6 அன்று அவர் மீதும் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. 211க்கு 148 என்று வென்றவர், ஏறத்தாழ ஒரு மாதத்தில் விலகலை அறிவித்தார்.

அந்த எல்லையில் இன்றும் சுங்கச்சாவடி கிடையாது. சாலையில் போகிறவருக்கு நாடு மாறியது தெரிவது பெரும்பாலும் வேகப் பலகைகளால்தான்: வடக்கே மைல், தெற்கே கிலோமீட்டர்.